ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு

பெரம்பலூரில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் பந்தி தொடங்கும் நேரத்துக்கு அந்தப் பாட்டு வந்துவிடும். முதலில் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக உறுமும். பிறகு டிரம்ஸ் சேரும். அதன் மேல் பூனை முனகுவதுபோல் இன்னொரு கிட்டார் ஏறி உட்காரும். அந்த வகை இசைக்கு ஃபங்க் என்று பெயர் இருப்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். பணியில் இருந்தவரை எனக்கு அது இரைச்சல். இரைச்சலுக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றை மனப்பாடமாகச் சொல்வேன்.

ஐந்து பாட்டுகள் கொண்ட அந்த இசைத்தட்டு கேசட்டாகி, சிடியாகி, செல்போனுக்குள் புகுந்து, இப்போது வெளிநாட்டில் மறுபடியும் கறுப்புத் தட்டாகவே வந்திருக்கிறதாம். பெயரைச் சொன்னால் பேரன் வயதுப் பையன்கள்கூட முணுமுணுக்கிறார்கள். அது ஒரு படத்தின் பெயர் என்று சொன்னால் மட்டும், நான் ஏதோ புளுகுவதுபோல் பார்க்கிறார்கள்.

படம் இருந்தது. நாற்பது வருடங்களுக்கு முன்னால் பெரம்பலூர் தியேட்டரில் ஐந்து நாள் ஓடியது. அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரியில் எடுத்த படம் என்பதால்தான் அந்த ஐந்து நாளும். வேறு ஊர்களில் அவ்வளவும் ஓடவில்லை என்றார்கள்.

குவாரியில் படப்பிடிப்பு நடந்தபோது டைரக்டருக்கு மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் வாடகைக்குக் கொடுத்தவர் அரியலூர்க்காரர். ஊரே அவரை மைக்செட்டு என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. வெடி வைப்பதற்கு முன் பள்ளத்தின் விளிம்பில் நின்று சிவப்புக் கொடி காட்டும் ஆளாக நடிக்க வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை. டைரக்டர் சுற்றிலும் பார்த்துவிட்டு இவரை ஏறி நிற்கச் சொன்னார். இவரும் நின்றார், கொடியை ஆட்டினார், இறங்கினார். மொத்தம் அரை மணி நேர வேலை. அதன் பிறகு படம் வெளிவரும்வரை அவர் பேசியதெல்லாம் அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான்.

படம் வந்தது. ஆனால் அவர் பார்க்கவில்லை. அந்த ஐந்து நாளும் தியேட்டர்காரர்கள் அவரைத்தான் விளம்பர ஜீப்புக்கு அமர்த்தியிருந்தார்கள். வாலிகண்டபுரம்வரை கிராமம் கிராமமாகப் போய், தட்டைச் சுழலவிட்டு, நடுநடுவே மைக்கில் அறிவிப்பார். மாலையில் திரும்பி வந்து தியேட்டர் வாசலில் அதே தட்டைப் போடுவார். ஜனங்கள் வாசலில் நின்று ஐந்து பாட்டையும் கேட்டுவிட்டு, டிக்கெட் எடுக்காமல் வீட்டுக்குப் போனார்கள். படத்துக்கு அவர் செய்த விளம்பரம் படத்தைக் கொன்றது என்று தியேட்டர் மேனேஜர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அப்போது வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ. இரண்டாம் நாளே ஒரு மனு வந்தது. மனுதாரர் ஒரு குவாரி குத்தகைதாரர். எச்சரிக்கையே இல்லாமல் வெடி வைத்துத் தொழிலாளியைக் கொல்வதாகப் படத்தில் காட்டுகிறார்கள், குவாரிகளுக்கு அவப்பெயர், படத்தை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். அவரும் படம் பார்க்கவில்லை; யாரோ சொல்லக் கேட்டு எழுதியது. ‘படத்தை முழுமையாகப் பார்வையிட்டு அறிக்கை அனுப்பவும்’ என்று மேலேயிருந்து உத்தரவு என் மேஜைக்கு இறங்கியது.

மாலைக் காட்சிக்குப் போனேன். இடைவேளைக்கு முன்னால் நாலு பாட்டு, பின்னால் ஒன்று. நாலு பாட்டுக்கும் விசில் பறந்தது. நடுவில் வந்த கதையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஐந்தாவது பாட்டு முடிந்ததும் பக்கத்து வரிசையில் ஒருவர் எழுந்தார். அவர் பின்னால் பத்துப் பேர், பிறகு ஏறக்குறைய மொத்தக் கொட்டகையும். நானும் எழுந்துவிட்டேன். முப்பத்தைந்து வருட சேவையில் நான் செய்த ஒரே நடைமுறைப் பிழை அது. மற்றவை என் மேலதிகாரிகள் செய்தவை.

மறுநாள் காலை அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் வெடி வைக்கும் காட்சியை நான் பார்க்கவில்லை என்பது உறைத்தது. மறுபடியும் போயிருக்கலாம். போகவில்லை. ஜீப்பில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்த மைக்செட்டிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தேன்.

“ஏங்க, அந்தக் கொடி சீனை எப்படிங்க எடுத்தாங்க?”

“நான் மேல நின்னு கொடிய ஆட்டுனேன் சார். கீழ இருக்கவங்க எல்லாம் ஓடுனாங்க. அப்புறந்தான் வெடி. மொறப்படிதான் எடுத்தாங்க.”

போதும். ‘திரைப்படத்தை முழுமையாகப் பார்வையிட்டேன். வெடி வைப்பதற்கு முன் சிவப்புக் கொடி காட்டி உரிய எச்சரிக்கை செய்யப்படுகிறது. ஆட்சேபகரமான காட்சி ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனு தள்ளுபடி. இரண்டு நாள் கழித்து மைக்செட்டு என்னிடம், “சார், நீங்க படம் பாத்தீங்கள்ல, நான் வந்திருக்கேனா?” என்று கேட்டார். அறிக்கைக்கு முரணாக நான் எப்படிப் பேச முடியும்? “வந்திருக்கீங்க, நல்லாவே தெரியுது” என்றேன்.

அதாவது, அவர் சொன்னதை வைத்து நான் சான்றளித்தேன். என் சான்றை வைத்து அவர் நடிகரானார். இரண்டையும் தாங்கிப் பிடிக்க மூன்றாவதாக ஒன்றும் கிடையாது. கோப்பை எல்.டிஸ் என்று முடித்தேன். மூன்று வருடம் வைத்திருந்து அழித்துவிடலாம் என்பது அதன் பொருள். அழிப்புப் பட்டியலிலும் கையெழுத்து என்னுடையதுதான்.

பாட்டுகள் பிரபலமாக ஆக, அவர் கதையும் வளர்ந்தது. “நான் அதுல நடிச்சிருக்கேன், ஆர்.ஐ. சாரே பாத்து கவர்மெண்டு ரெக்கார்டுல எழுதியிருக்காரு” என்பார். நான் பதவி உயர, சாட்சியும் உயர்ந்தது. “தாசில்தாரே பாத்திருக்காரு” என்றார். படத்தின் பிரதி எங்கும் இல்லை என்பதால் எங்கள் இருவருக்கும் ஆபத்தும் இல்லை.

போன மாதம் அவருடைய மகள் போன் செய்தார். யாரோ அந்தப் படத்தை முழுசாக யூடியூபில் ஏற்றிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டி.வி.யில் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். “அப்பா உங்களயும் வரச்சொல்றாரு சார். ரெண்டு நாளா சரியா சாப்புடல.”

எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பஸ் ஏறி அரியலூர் போனேன்.

வீட்டில் மகள், மருமகன், அவர்கள் பிள்ளைகள், பக்கத்து வீட்டார் இருவர். மருமகன் சிமெண்ட் ஆலையில் சூப்பர்வைசர். மாமனாரைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது போகாது.

“வாங்க சார், வாங்க. நீங்கதான் ஐ-விட்னஸ்ஸு. மாமா மைக்கா நடிச்சாரா, மைக் ஸ்டாண்டா நடிச்சாரான்னு இன்னிக்குத் தெரிஞ்சிரும்.”

“சும்மா இருங்க” என்றார் மகள்.

மைக்செட்டு சலவை வேட்டி, சட்டையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. படத்தில் அந்தக் காட்சியை வெட்டியிருந்தால் நாற்பது வருடப் பேச்சும் பொய்யாகிவிடும், அதுவும் மருமகன் முன்னால். என் பங்குப் பொய் அதற்கடுத்தபடியாக வெளியே வரும்.

படம் ஓடியது. நாலு பாட்டுக்கும் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள், பக்கத்து வீட்டம்மா தாளம் போட்டார். நடுவில் வந்த கதையைப் பற்றி இங்கேயும் யாரும் கவலைப்படவில்லை. ஐந்தாவது பாட்டு முடிந்தது. பக்கத்து வீட்டார் எழுந்தார்கள். பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். மருமகன், “டீ போடச் சொல்றேன்” என்று உள்ளே போனார். பெரம்பலூர் கொட்டகையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்ததுபோல் இருந்தது. நானும் மைக்செட்டும் அவர் மகளும் மிஞ்சினோம். நான் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

குவாரி வந்தது. வெள்ளைப் பள்ளம். விளிம்பில், வெகு தூரத்தில், விரற்கடை உயரத்தில் ஓர் உருவம். கையில் கொடி.

“நாந்தான்” என்றார் அவர்.

மகள் கத்தியதில் மருமகன் ஓடி வந்தார். பின்னால் நகர்த்தி மறுபடி போட்டார்கள். மருமகன் டி.வி.க்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். “மாமா, தப்பா நெனைக்காதீங்க. இது யாரா வேணா இருக்கலாம். மூஞ்சியே தெரியலயே. சார், நீங்க சொல்லுங்க, இது மாமாதானா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்த அலுவலகத்திலும் இவ்வளவு மரியாதையாக யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. மூன்றாவது முறை வாய் வரவில்லை. “இன்னொரு தடவ போடுங்க” என்றேன்.

போட்டார்கள். அந்த உருவம் விளிம்புக்கு வந்தது. கொடிக்கம்பின் நுனியை இடது கையால் இரண்டு முறை தட்டியது. பிறகுதான் கொடியை ஆட்டியது.

“தட்டுறாரு பாருங்க! தட்டுறாரு!” மகள் துள்ளி எழுந்தார். “மைக்கத் தட்டுற மாதிரி! இந்த ஒலகத்துல கொடியத் தட்டிப் பாத்துட்டு ஆட்டுற ஆளு எங்கப்பன் ஒருத்தர்தான்!”

உண்மைதான். அவர் கையில் டார்ச் லைட்டைக் கொடுத்தாலும், குடையைக் கொடுத்தாலும் முதலில் இடது கையால் இரண்டு தட்டு தட்டுவார். மருமகன் இன்னும் மூன்று முறை போட்டுப் பார்த்தார். “அட, ஆமாம் மாமா” என்றார். அதற்கு மேல் அன்று முழுக்க அவரிடமிருந்து கிண்டலே வரவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு டீ கொண்டுவந்து வைத்தார். பிறகு எல்லோரும் மறுபடியும் கலைந்து போனார்கள்.

நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். இன்னும் நாற்பது நிமிடம் படம் இருந்தது. கதாநாயகனின் அண்ணனைக் கொன்றவன் யார் என்று தெரியும் கட்டம் வந்தது.

“அட, மேஸ்திரியா கொன்னான்?” என்றேன், என்னையறியாமல்.

மைக்செட்டு டீயைக் கீழே வைத்தார். “இது ஒங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணுமே சார்.”

நான் என் டீயைக் கையில் எடுத்தேன்.

“அன்னிக்கு நான் வாசல்லதான் பொட்டி பக்கத்துல ஒக்காந்திருந்தேன். அஞ்சாவது பாட்டு முடிஞ்சு கூட்டம் வந்துச்சு. கூட்டத்தோட நீங்களும் வந்து சைக்கிள எடுத்தீங்க. மறுநா காலைல வந்து, எப்படி எடுத்தாங்கன்னு நைசா கேக்குறீங்க.”

“தெரிஞ்சேதான் ஊரெல்லாம் என்னை சாட்சின்னு சொன்னீங்களா?”

“வேற சாட்சி ஏது சார்?”

“ஏங்க, நீங்களே ஒருநாள் உள்ள போய்ப் பாத்திருக்கலாம்ல? வாசல்லதானே இருந்தீங்க?”

“உள்ள போயி, நான் இல்லன்னா?”

படத்தைப் பார்த்தோம். மேஸ்திரி பள்ளத்தில் விழுந்து செத்தான். கதாநாயகன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெகுதூரம் நடந்து போனான். சுபம் என்று போட்டார்கள். என் அறிக்கையின் முதல் வாக்கியமும் ஒருவழியாக உண்மையானது. என்ன, கோப்புதான் இல்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பியபோது வாசல்வரை வந்தார்.

“படம் எப்படி சார்?” என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“பாட்டு நல்லா இருக்குங்க” என்றேன்.