மணல் என்று நான் சொன்ன ஆறு

அந்த அமெரிக்க ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் கடைத்தெரு ஆற்றைப் பார்த்து இறங்குகிறது என்றும், ஆற்றோரத்தில் சட்டைப் பொத்தான் செய்கிற பட்டறை இருக்கிறது என்றும், நீராவிக் கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி கதவைப் போலத் திறந்து வழிவிடும் என்றும் எனக்குத் தெரியும். ஊர் முழுவதும், விளக்கு வெளிச்சத்தில் சுவரில் படம் காட்டுகிற இருபது கண்ணாடித் தகடுகளாக ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குச் சொந்தக்காரர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை பார்க்க வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தமிழ் தெரியாது. ஜனங்கள் அவரைத் தொரை என்றார்கள். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்ல வேண்டும்.

மேலூருக்குப் பக்கத்தில் கல்லுடைக்கிற ஊர் எங்களுடையது. என் அய்யாவும் அவருடைய அய்யாவும் உளியும் சம்மட்டியுமாகவே இருந்தவர்கள். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பசுமலையில் தங்கி ஹைஸ்கூல் முடித்துவிட்டு, ஆசிரியப் பயிற்சியில் சேர ஒரு சிபாரிசுக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். கடிதத்தை எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் எழுதி வைத்திருந்தார். தொரையின் கையெழுத்து மட்டும் பாக்கி.

"படம் காட்டி முடியட்டும் தம்பி. அன்னைக்கே கையெழுத்து வாங்கி மேலூர் தபாலாபீசுல போட்ருவோம்" என்றார் தலைமையாசிரியர்.

மாதக் கடைசிக்குள் கடிதம் போய்ச் சேராவிட்டால் இடம் இல்லை. அது எனக்கும் தெரியும், அய்யாவுக்கும் தெரியும், அய்யா சொல்லிச் சொல்லிக் கல்குழியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

படம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. போன மாதம் ஒரு பிரசங்கியார் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஏசு தண்ணீர்மேல் நடந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேள்விப்பட்டு, பிள்ளைகளை வேதத்தில் சேர்க்கப் பார்க்கிறார்கள் என்று பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். அவர்களைத் திரும்ப வரவழைக்கத்தான் இந்த ஏற்பாடு.

"வேதத்துல இருந்து ஒரு வார்த்தை வரக்கூடாது. இது பூகோளம். வெறும் பூகோளம்" என்று தலைமையாசிரியர் முதல் நாளே என்னிடம் சொன்னார்.

அமாவாசைக்குக் கல்குழியில் வேலை கிடையாது. அன்று மத்தியானம் பள்ளிக்கூட ஜன்னல்களில் சாக்கைக் கட்டி இருட்டாக்கினோம். சுவரில் திரையாக ஒரு வேட்டி. தலைமையாசிரியர் விளக்குப் பெட்டிக்குப் பின்னால் தகடு மாற்ற நின்றார். ஓட்டுக்கூரையின் சூடும், விளக்கின் சூடும், இருநூறு பேரின் மூச்சும். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கடைசி வரிசையில், சுவரோரம், துவைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அய்யா.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கப்பல் படத்தைப் பார்த்து, "வீட்டைத் தூக்கித் தண்ணியில வச்சிருக்கான்யா" என்று ஒரு குரல் வந்தது. ஆற்றுக்குள் கிளிஞ்சல் வாரி, அதில் வட்டம் வட்டமாகக் குடைந்து பொத்தான் எடுக்கிறார்கள் என்று சொன்னபோது, ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் தன் சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"மாப்ள, இது அந்த ஊருச் சரக்கா இருக்குமோ?"

"உன் சட்டையில இருக்கதே ரெண்டு பொத்தானு. அதுக்கு அமெரிக்காவா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லாரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தொரை கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்தார். கோடையில் கரைக்கு வந்து கட்டுகிற நாடகக் கப்பல், அதன் பாண்டு வாத்தியம், தர்ப்பூசணி குவித்த சந்தை, பாலத்தில் நின்று தூண்டில் போடும் கிழவர்கள் என்று ஒவ்வொரு தகடாகப் போயிற்று. பிறகு அந்தத் தகடு வந்தது.

வெள்ளையாகப் பரந்த ஆறு. அதன் நடுவில் குதிரை வண்டி. வண்டிக்குப் பக்கத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். குளிர்காலத்தில் ஆறு உறைந்து கட்டியாகிவிடும், அதன்மேல் நடப்போம், வண்டியும் ஓட்டுவோம் என்றார் தொரை. பனிக்கட்டி என்ற வார்த்தையை ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"இதுவும் அதே ஆறுதான்" என்று ஆரம்பித்தேன்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். முதலில் தன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியவர் அவர்தான்.

"அதே ஆறா? தண்ணி மேலயா நிக்கிறாக? நான் அன்னைக்கே சொன்னேன்ல, தண்ணி மேல நடக்குற கதைன்னு. சுத்திச் சுத்தி அங்கதான் வாராக. எந்திரிங்கப்பா, போவோம்."

நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். வாசல் சாக்கை யாரோ விலக்க, வெயில் உள்ளே பாய்ந்து படம் வெளிறியது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். கடைசி வரிசையில் அய்யா எக்கிப் பார்த்தார்.

"தண்ணி இல்லண்ணே" என்றேன். "கோடையில ஆறு வத்திப் போச்சு. இது மணலு. வெள்ளை மணலு. நம்ம வைகை மாதிரி."

எழுந்தவர்கள் நின்றார்கள். "அட, வைகை மாதிரியா? இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்று முன்வரிசைக்காரர் உட்கார்ந்தார். "மதுரைக்குப் போறப்ப நானும் மணல்ல வண்டியோட எறங்கித்தான அக்கரை போவேன்" என்றார் ராவுத்தர். சாக்கு மறுபடி விழுந்தது. இருட்டாயிற்று.

அடுத்த தகடு வரவில்லை. தலைமையாசிரியரின் கை தகட்டின் மேலேயே நின்றது. அவருக்கு இங்கிலீஷ் தெரியும். ஒருமுறை இருமினார். பிறகு தகட்டை மாற்றினார்.

"கோடையில ஏன் இம்புட்டுக் கம்பளியச் சுத்தியிருக்காக?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அவுக ஊருக் கோடை நமக்கு மார்கழி மாதிரிக்கா."

அடுத்ததில் அந்த வெள்ளைத் தரையில் ஒரு குழி. குழி ஓரத்தில் உட்கார்ந்து ஒருவன் கயிறு விட்டிருக்கிறான். மீன் பிடிக்கிறான் என்றார் தொரை. காய்ந்த மணலில் என்ன மீன்? "ஊத்துத் தோண்டித் தண்ணி எடுக்குறாக" என்றேன். "அங்கயும் ஊத்துத் தண்ணிதானா" என்று பெண்கள் பக்கம் ஒரு திருப்தி. எல்லாரும் தலையாட்டுவதைப் பார்த்த தொரை என் தோளைத் தொட்டார். இவர்களுக்கு எவ்வளவு எளிதாகப் புரிகிறது என்றார்.

கடைசித் தகடு. அதே குழி, அதன் பக்கத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன். ஒத்திகையின்போது, இது என் அண்ணன் என்பதோடு தொரை நிறுத்தியிருந்தார். அன்று நிறுத்தவில்லை. இந்தப் படம் எடுத்த பத்தாம் நாள், இதே இடத்தில், என் கண்முன்னால் பனிக்கட்டி உடைந்து அண்ணன் உள்ளே போய்விட்டான், நான் கரையில் நின்றேன் என்றார். வேட்டியருகே போய்க் குழியின்மேல் விரலை வைத்தார். கன்னத்தில் நீர் வழிந்தது. நான் தமிழில் சொல்வதற்காகக் காத்து நின்றார்.

"தொரை ஏன் அழுகுறாக?" என்று யாரோ கேட்டார்கள். காய்ச்சலில் செத்துப்போனான் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் முன்னால் இருந்த ஒரு பெண், "அய்யோ, ஊத்து சரிஞ்சிருச்சா? புள்ள மண்ணுக்குள்ள போயிட்டானா?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் அப்படி நடப்பதுதான். ஆழமாகத் தோண்டிய ஊற்றில் கரை சரிந்து ஆளை மூடிவிடும். அவள் கேட்டதும் பெண்கள் அத்தனை பேரும் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும். பாதி ஆட்டியும் விட்டேன்.

அப்போது தொரை என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: அந்த அம்மா என்ன கேட்கிறார்?

அவள் அவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். நடுவில் நான்.

"சொல்லுங்க தம்பி" என்றார் தலைமையாசிரியர், விளக்குக்குப் பின்னாலிருந்து. தமிழில், மெதுவாக.

"நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். "அது மணலு இல்ல. தண்ணிதான். குளிருல ஆறு கட்டியாகிப் போகும். அது மேல நடக்கலாம். வண்டி ஓட்டலாம். நீங்க எந்திரிச்சுப் போயிருவீகன்னு மாத்திச் சொன்னேன். ஊத்து இல்ல, மீன் பிடிக்கப் போட்ட குழி. இவரு அண்ணன் கட்டி ஒடைஞ்சு முங்கிப் போனாரு."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"படிச்ச புள்ள புளுகுற லட்சணத்தப் பாரு!"

"எது பொய்யி? அதா, இதா?"

"அது எப்பிடிய்யா தண்ணி கல்லாகும்?"

"ஆகும்" என்றார் ராவுத்தர். "மதுரையில சர்பத்துக் கடையில வச்சிருக்கான். மரத்தூளுக்குள்ள பொதிஞ்சு கொண்டாருவான். ஐசு. கல்லு மாதிரிதான் கெடக்கும், ஒடச்சுத்தான் போடணும்."

"அது ஒரு கட்டி. இது ஆறு!" என்றார் முன்வரிசைக்காரர். மறுபடியும் எழுந்துவிட்டார்.

கடைசி வரிசையில் அய்யா எழுந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு வந்திருந்தது.

"தொரைகிட்டக் கேளு. எம்புட்டுக் கனம் இருக்கும்?"

கேட்டேன். தொரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை காட்டினார்.

"எல்லா எடத்துலயும் அம்புட்டா?"

இல்லை என்றார். அடியில் நீர் வேகமாக ஓடுகிற இடத்தில் மெல்லிசாக இருக்கும்.

"மேலாப் பாத்தா ஒண்ணு போலத்தான தெரியும். மெல்லிசுன்னு எப்பிடிக் கண்டுபிடிப்பாக?"

தடியால் தட்டிப் பார்த்துக்கொண்டே போவோம், சத்தம் மாறும் என்றார் தொரை. அதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அய்யா தலையசைத்தார். அவரைச் சுற்றியிருந்த கல்குழி ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாறையில் உளி வைப்பதற்கு முன் அவர்கள் எல்லாருமே அதைத்தான் செய்கிறார்கள். உள்ளே வெடிப்பிருந்தால் சத்தம் செத்து வரும்.

"அண்ணங்காரன் அன்னைக்குத் தட்டிப் பாக்கலையா?" என்று அய்யா கேட்டார்.

தொரை இல்லையென்று தலையாட்டினார். ஓடினான் என்றார்.

"ஓடிட்டானாம்" என்றேன்.

அய்யா உட்கார்ந்தார். முன்வரிசைக்காரர் நின்றபடியே கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே போனார். அவர் மட்டும்தான் போனார்.

கடிதம் போட மேலூருக்குப் போகும் மாட்டுவண்டியில் தலைமையாசிரியர் சொன்னார்: "ஊருக்குச் சொல்லியாச்சு. தொரைக்கு இன்னும் தெரியாது. நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுறதும் போடாததும் அவரு இஷ்டம்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மணலா என்று தொரை இரண்டு முறை கேட்டார். அந்தப் பெண் எதற்காக அழுதாள் என்று கேட்டார். உங்கள் அண்ணன் மணலுக்குள் புதைந்துவிட்டார் என்று நினைத்து அழுதாள் என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி மேலூர் வந்தது. தபாலாபீசு வாசலில் தலைமையாசிரியர் கடிதத்தை எடுத்து நீட்டினார். தொரை அதை வாங்கி மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை அடுத்த ஊரில் படம் இருக்கிறது, அங்கே முடியட்டும் என்றார்.

வியாழக்கிழமைவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஐசு பார்த்த ராவுத்தரும் இல்லை, கனம் கேட்க அய்யாவும் இல்லை. அந்தத் தகடு வந்ததும் முதல் வார்த்தையாகவே தண்ணி என்றேன். எத்தனை கனம், எப்படித் தட்டிப் பார்ப்பார்கள் என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். "கதை விடாத" என்று கத்தினார்கள். வரிசை வரிசையாக எழுந்தார்கள். வெயில் உள்ளே வந்து படம் மங்கியது. மங்கிய படத்தைக் காட்டியே, தொரையின் அண்ணன் முங்கிப்போனதுவரை சொல்லி முடித்தேன். தலைமையாசிரியரின் கை ஒரு தகட்டிலும் நிற்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, சூடு ஆறாத விளக்குப் பெட்டியின்மேல் கடிதத்தை விரித்துத் தொரை கையெழுத்துப் போட்டார்.

ஊருக்குப் போய் அய்யாவிடம் நடந்ததைச் சொன்னேன். கடிதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"எம்புட்டுப் பேரு எந்திரிச்சுப் போனாக?"

"பாதிப் பேருக்கு மேலய்யா."

"பரவால்ல" என்றார்.