புரட்டாசி விரதம் இருந்த பூரான்கள்

என்னைப் பூரான் கடித்தது மொத்தம் நாலு தரம். நாலும் வீட்டில் வளர்த்த பூரான்தான். கழனியில் குனிந்தே என் பாதி ஆயுசு போனது. அங்கே ஒரு பூரானும் என்னைத் தொட்டதில்லை. டவுனுக்கு வந்து, சிமென்ட் தரையில் உட்கார்ந்துதான் கடி வாங்கினேன்.

வளர்த்தவள் என் மகள். நகரிப் பக்கம் எங்கள் ஊர். அவள் திருப்பதியில் காலேஜ் படிக்க வந்தபோது நானும் கூட வந்துவிட்டேன். ஒரு தெலுங்கம்மா வீட்டில் பின்பக்கத்து ரூம் வாடகைக்குக் கிடைத்தது. எனக்குக் கல்யாண மண்டபத்தில் காய் நறுக்குகிற வேலை. என் வீட்டுக்காரர் நகரியிலேயே பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ரயிலேறி வருவார்.

மகள் படித்தது பூச்சி, பிராணிகளைப் பற்றிய படிப்பு. ஒருநாள் மலையடிவாரத்தில் கல்லைப் புரட்டி இரண்டு பூரான் பிடித்து வந்தாள். ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். காலெல்லாம் மஞ்சள். ஒரே டப்பாவில் விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடுமாம். அதனால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஓட்டை, உள்ளே ஈர மண், மேலே ஒரு உடைந்த ஓட்டுத்துண்டு. முதல் கடி அந்த வாரமே. காலி ஊறுகாய் டப்பா என்று நினைத்துக் கழுவ எடுத்தேன். தப்பு என்னுடையது, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்போது ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று ஓடிய காலம். படிப்பு முடிந்ததும் மகளும் ஒரு கோர்ஸ் சேர்ந்தாள். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. கிளம்புகிற அன்று டப்பாக்களைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ம்மா, ஹாஸ்டல்ல இதுங்கள சேத்துக்க மாட்டாங்க. தீபாவளிக்கு வந்து எதனா வழி பண்றேன். அதுவரைக்கும் சாவாம பாத்துக்குவியா? வாரத்துக்கு ஒரு கரப்பான் போட்டா போதும்."

"நீ போ. உன்னையே சாவாம வளத்தேன், இதுங்கள வளக்க மாட்டேனா?" என்றேன்.

சொன்ன சொல்லை நான் மாற்றுகிறவள் இல்லை. மண்டபத்துச் சமையல்கட்டில் கரப்பானுக்கா பஞ்சம்? பாட்டிலில் கொஞ்சம் வெல்லம் வைத்துப் பிடித்து வருவேன். ஓட்டுத்துண்டை நகர்த்தியதும் தலையைத் தூக்கி, மீசையை ஆட்டி, ஒரே பாய்ச்சலில் கவ்விக்கொள்ளும். அதைப் பார்க்க எனக்கும் பிடித்துப்போனது.

பிறகு புரட்டாசி வந்தது. பெருமாள் மாசம். எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. என் கூரைக்குக் கீழே இருக்கிற எதுவும் அந்த மாசம் கவுச்சி தின்னக் கூடாது என்று நான் முடிவு பண்ணினேன். பூரானுக்கும் சேர்த்துத்தான். வாழைப்பழம் வைத்தேன். தயிர்சோறு வைத்தேன். தக்காளி நறுக்கி வைத்தேன். தொடவில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குப் பசி வந்து தின்னும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை. தலைக்குக் குளித்து, மாவிளக்கு போட மாவு இடித்து வைத்திருந்தேன். டப்பாவில் பழம் அழுகி வாடை வந்தது. பெருமாளுக்குப் படைக்கிற ரூமில் அழுகல் வாடையா என்று பழத்தை எடுக்க உள்ளே கையை விட்டேன். கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. உதறினேன், விடவில்லை. கரப்பானைக் கவ்வுகிற மாதிரியே கவ்விக்கொண்டிருந்தது. பிடுங்கிப் போட்டு மூடியதும் வலி தோள்பட்டை வரைக்கும் இழுத்தது. விரல் வீங்கி, நகம் சதைக்குள் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். விஷயம் தெரிந்ததும் கழற்றிப்போட்ட செருப்பைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஏம்மே, பெருமாள் மாசத்துல பூரான அடிச்சா பாவமா இல்லியா? அத்த மட்டும் சொல்லு" என்றார்.

"டப்பாவத் தொட்டுப் பாரு. அடுத்த ரயில்ல நகரிக்குப் போயிக்கினே இருப்ப."

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா, அதான் அந்தத் தெலுங்கம்மா, வந்துவிட்டார். இத்தனை நாள் அவருக்குத் தெரியாது. டப்பாக்களைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தெலுங்கில் பூரானுக்கு ஜெர்ரி என்று பேர். "ஏமம்மா, ஜெர்ரிய யாராச்சும் வளப்பாங்களா? இது வீடா, ஜூவா? நாளைக்கே தூக்கிப் போடு. இல்லன்னா நீ காலி பண்ணு."

"தீபாவளி வரைக்கும் டைம் குடுங்கம்மா. என் பொண்ணு வந்துடும். அதுக்கப்புறமும் இந்த டப்பாங்க இங்க இருந்தா நீங்க சொல்லவே வாணாம், நானே காலி பண்றேன்" என்றேன். என் விரலைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, சரி என்று போனார்.

வெந்நீரில் கையை முக்கி வலியை அடக்கிக்கொண்டு தெருமுனை போன் பூத்துக்குப் போனேன். மகளின் ஹாஸ்டலுக்குப் போட்டுச் சொன்னேன்.

"இன்னாது, தயிர்சோறா?" அவள் சிரித்த சிரிப்பு பூத்துக்காரருக்கே கேட்டிருக்கும். "நாமமும் போட்டுவுட்டியா?"

"சிரிக்காத. சாவுமா, சாவாதா?"

"உடம்பு தட்டையாப் பூட்சா? அப்பன்னா உடனே எதனா உயிரோட போடும்மா. இன்னும் கொஞ்ச நாள் போனா செத்துடும்."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ரெண்டும் தட்டையாகத்தான் இருந்தன. நாடா மாதிரி.

வீட்டுக்காரர், "சனிக்கிழமை போகட்டும், நாளைக்குப் போடு" என்றார். நாளைக்கும் புரட்டாசிதானே? விரதம் என்னுடையது. அதைக் கேட்காமல் இரண்டு வாயில்லா ஜீவன்மேல் ஏற்றியது நான். மாவிளக்கை ஏற்றி வைத்து, "பாவம் எதுவானாலும் என் தலைமேல வை சாமி" என்று சத்தமாகவே சொன்னேன். இடது கையில் பாட்டிலை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தேன். வந்து போட்டபோது முதல் பூரான் உடனே பிடித்துக்கொண்டது. இரண்டாவது எழுந்திருக்கவே இல்லை. கரப்பானின் காலை ஒடித்து, குச்சியால் அதன் வாய்க்கிட்டே தள்ளிவிட்டு, தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். மாவிளக்குத் திரி முழுக்க எரிந்து அணைந்த பிறகுதான் மெல்ல மீசையை ஆட்டியது. தின்றது.

தீபாவளிக்கு மகள் வந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கையில் கம்பெனி பேக். பலகாரம் தின்று, குளித்து, நாலு கதை பேசிய பிறகும் டப்பாவைக் கேட்கவில்லை. நானே கொண்டு வந்து முன்னால் வைத்தேன். ரெண்டும் நல்ல கொழுகொழு என்று இருந்தன.

"அய்யோ, இன்னும் வெச்சிருக்கியா?" மூடியைத் திறக்காமலே பார்த்தாள். "ம்மா, மலைல கொண்டுபோயி வுட்டுடலாம். எனக்கு ஏது நேரம்? அடுத்த வருசம் வெளிநாட்டுக்கு அனுப்புனாலும் அனுப்புவாங்க."

டப்பாக்களை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். கோபமா என்று கேட்டாள். கோபம் இல்லை. அவளுக்காக வைத்திருக்கிறேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவள் வேண்டாம் என்ற பிறகும் எனக்கு அதை மலையில் விட மனசு வரவில்லை.

"உனக்கு வாணான்னா பரவால்ல. எனக்கு வேணும்," என்றேன்.

தீபாவளி போன மறுவாரம் வீட்டுக்காரம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன். "ரெண்டு ஜெர்ரிக்காகவா போற?" என்று அவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "சொல்லிட்டேனேம்மா," என்றேன். ரேணிகுண்டா ரோட்டில் ஓடு வேய்ந்த ரூம் ஒன்று பார்த்து, பாத்திர மூட்டையை வீட்டுக்காரர் தலையில் ஏற்றி, டப்பாக்களை நான் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அந்த ரூமில் இன்னும் இரண்டு தரம் கடித்தது.