பானெட்டுக்கு முன்னால் தெரியாத இடம்

ஓடெட் சிர் பயந்த சுபாவக்காரி என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. டிசம்பரில் ஏரி உறைந்ததும் அதன்மேல் முதல் ஆளாக நடந்து பார்ப்பவள் அவள். கரடி வந்து குப்பைத்தொட்டியை உருட்டினால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போவாள். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. வெளியூர்க்காரர்களின் கோடைவீடுகளைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். பனி உருகியதும் வீடுகளைத் திறந்து, பெருக்கி, கேஸ் சிலிண்டர் மாற்ற வேண்டும். அக்டோபரில், குளிரில் குழாய் வெடிக்காதபடி தண்ணீரை வடித்து, படகுத்துறை மேடைகளைக் கரைக்கு இழுத்து, எல்லாவற்றையும் பூட்ட வேண்டும். மெய்ன் மாநிலத்தின் இந்த வடக்கு முனையில் அப்படி வேலை செய்து முதுகு வளையாத பெண்பிள்ளை அவள் ஒருத்திதான்.

ஏரியைச் சுற்றிய பாதைகள் ஊசியிலை ஃபிர் மரங்களுக்கு நடுவே நெளிந்து போகும். அவற்றில் அவளுடைய சின்ன பிக்கப் அணில் மாதிரி ஓடும். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் ஒரு கட்டில் அளவுக்குத் திறந்த பெட்டி. தரையில் நின்றபடியே குப்பைமூட்டையைப் பக்கவாட்டில் தூக்கிப் போட அவளுக்கு எட்டும். கதவைத் திறந்து காலை நீட்டினால் மண்.

ஒரு மே மாதம் ஆண்டுச் சோதனைக்கு அந்த வண்டியைக் கில்மனின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாள். கில்மன் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் மகன். வண்டியை மேலே ஏற்றி, அடியில் நின்று, வண்டியைத் தாங்கும் இரும்புச்சட்டமான சேசிஸைச் சுத்தியலால் தட்டினான். டங்கென்று கேட்க வேண்டிய இடத்தில் பொசுக்கென்றது. சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"அத்தை, இது இரும்பே இல்ல. காப்பியில முக்கின பிஸ்கட்டு."

"வெல்டு வச்சுக் குடேன்டா."

"எதுல வைக்கிறது? வெல்டு பிடிக்க அங்க ஏதாவது இருக்கணும்ல? ரோட்டுல பனி உருகக் கொட்டுற உப்பு மொத்தத்தையும் தின்னுடுச்சு. நான் சோதனையில பாஸுன்னு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்தேன்னா, ஒருநாள் நீங்க பாதி வண்டியில வீட்டுக்கு வருவீங்க."

அதே மாதிரி இன்னொன்றைத் தேடினாள். வைத்திருந்தவர்கள் விற்கவில்லை. ஆற்றோரத்து உருளைக்கிழங்கு விவசாயி ஒருவர், "நான் செத்தா என்னை அதுலதான் வச்சுப் புதைக்கச் சொல்லியிருக்கேன், கிளம்பு" என்றார். ஷோரூமில் டை கட்டிய பையன் ஒரு வண்டியைக் காட்டினான். அவளுடைய பழைய வண்டிக்கு இருந்த அதே பெயர்தான் அதற்கும். உருவம் மட்டும் மாட்டுக்கொட்டகை. முன்னால் போய் நின்றாள். பானெட் அவள் மோவாய்க்கு வந்தது.

"எங்ககிட்ட இருக்கறதுலயே இதுதாம்மா சின்னது. சின்ன வண்டி கேக்க ஆளில்லைன்னு கம்பெனியில நிறுத்திட்டாங்க."

"அப்ப நான் யாரு?"

பையன் சிரித்துவிட்டு வேறு யாரையோ கவனிக்கப் போனான்.

கடைசியில் அவள் கணவன் லியாண்டரின் அண்ணன் நார்மன், தன் பழைய பெரிய டிரக்கைக் கொடுத்தார். "சும்மா நிக்குது, எடுத்துட்டுப் போ. ராணி மாதிரி உக்காந்து ஓட்டலாம்."

ராணி ஏறுவதற்கே படி வேண்டியிருந்தது. இருக்கையில் இரண்டு மெத்தை போட்டு உட்கார்ந்தாள். முன் கண்ணாடிக்கு வெளியே தெரிந்ததெல்லாம் பானெட்டும் வானமும்தான். காகித ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற லியாண்டர் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள். ஒரு உருளைக்கிழங்குக் கூடையை வண்டிக்கு முன்னால் வைத்தான்.

"தெரியுதா?"

"இல்ல."

தள்ளி வைத்தான். "இப்ப?"

"இல்ல."

இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி, கூடை தபால்பெட்டிக்குப் பக்கத்தில் போன பிறகுதான் அதன் விளிம்பு அவள் கண்ணில் பட்டது. லியாண்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தக் கூடைக்கும் வண்டிக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கலாம் என்று அவள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து பயம் அவளோடு வண்டியில் ஏறியது. எங்கே நிறுத்தினாலும், எடுப்பதற்குமுன் இறங்கி முழுதாக ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாள். குனிந்து அடியில் பார்ப்பாள். ஏறி உட்கார்ந்ததும் அதற்குள் யாராவது வந்திருப்பார்களோ என்று சந்தேகம் வரும், மறுபடி இறங்குவாள். தேவாலயத்து வாசலில் ஆண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். "ஓடெட் சிலுவைப்பாதை போறா. பதினாலு ஸ்தலமும் முடியாம வண்டி நகராது."

"பழகிடும்டி" என்றான் லியாண்டர். கோடை முழுக்க அவளுக்குப் பழகவில்லை. கடைவாசலில் தள்ளுவண்டி கடகடத்தால் பிரேக்கை மிதிப்பாள். காற்றில் பறந்த பிளாஸ்டிக் பை பானெட்டுக்கு அடியில் மறைந்தால் இறங்கிப் பார்ப்பாள்.

அக்டோபரில் ஒரு மழைநாள், அவளும் லியாண்டரும் ஏரியின் தூரக்கரையில் ஒரு வீட்டைப் பூட்டப் போனார்கள். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் ஏற்கெனவே பூட்டியாகிவிட்டன. அங்கே செல்போன் எடுக்காது. டிரக்கை ஏரியைப் பார்த்து நிறுத்தி, முன்கொக்கியில் சங்கிலி மாட்டி, ரிவர்ஸில் படகுத்துறை மேடையைக் கரைக்கு இழுத்தார்கள். மேடையிலிருந்து சங்கிலியைக் கழற்றிவிட்டு, ஜன்னல் பலகைகளை அடைக்க லியாண்டர் வீட்டுப் பக்கம் போனான். வண்டியைத் திருப்பி வைக்கலாம் என்று ஓடெட் நினைத்தாள். சுற்றிப் பார்த்தாள். யாருமில்லை. வண்டியின் முன்கொக்கியில் சங்கிலி இன்னும் தொங்கியது. அவள் தேடியது ஆளை என்பதால் அது மனதில் பதியவில்லை. ஏறினாள். நனைந்த மெத்தையைத் திருப்பிப் போட்டாள். ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்தாள். ஆளில்லாத இடம்தானே என்று அன்று மட்டும் மறுபடி இறங்கவில்லை.

அந்த நேரத்துக்குள் லியாண்டர் திரும்பி வந்து, சங்கிலியைக் கழற்ற வண்டிக்கு முன்னால் குந்தியிருந்தான்.

திருப்புவதற்கு முதலில் கொஞ்சம் முன்னால் போக வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது; கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். இரும்பில் எதுவோ இடித்தது. கல் என்று நினைத்தாள். அடுத்து அவள் பெயர் கேட்டது. அவளுக்குக் கீழேயிருந்து கேட்டது.

பிரேக்கை மிதித்த காலை எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கியரைத் தள்ளி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி, பிறகு ஒவ்வொரு விரலாகக் காலைத் தூக்கினாள். படியிலிருந்து இறங்கியதாக அவளுக்கு நினைவில்லை. விழுந்திருப்பாள்.

லியாண்டர் பம்பருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். முகம் முழுக்கச் சேறு. வண்டி அவ்வளவு உயரமாக இருந்ததால் நெஞ்சுக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு கையகல இடைவெளி மிஞ்சியிருந்தது. இடது முன்கைமேல் டயர் நின்றிருந்தது.

"கிழவா! கிழவா, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். கத்தாத. கை மாட்டிக்கிச்சு. ஏறி ரிவர்ஸ் எடு."

அவள் படியில் ஒரு கால் வைத்தாள். வண்டி சரிவில் ஏரியை நோக்கி நின்றது. பிரேக்கை விட்டதும் ரிவர்ஸ் பிடிப்பதற்குள் ஒரு சாண் முன்னால் உருண்டாலும் டயர் அவன் தோளுக்குப் போகும். அவளுக்கோ அங்கிருந்து எதுவும் தெரியாது. காலைக் கீழே எடுத்தாள்.

"மாட்டேன்."

"ஓடெட், வலிக்குதுடி. எடு."

"நான் அதுல ஏற மாட்டேன். நீ என்ன வேணா திட்டு."

விறகுக் குவியலிலிருந்து கட்டைகளைக் கொண்டுவந்து நான்கு சக்கரத்துக்கும் முன்னால் செருகினாள். ஜாக்கி அந்த வண்டியில் எங்கே இருக்கிறது என்று தேடினாள்; கிடைக்கவில்லை. கூட்டிப் பெருக்க வைத்திருந்த தகரமுறம் கையில் பட்டது. அதோடு சேற்றில் படுத்து, அவன் கைக்கு அடியிலிருந்த மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தாள். மழை குழியை நிரப்பியது, உள்ளங்கையால் இறைத்தாள். கல் வந்த இடத்தில் நகத்தால் கெல்லினாள். தலைக்குமேல் வண்டி சூடு ஆறி, டிக் டிக்கென்று இரும்பு முனகியது. ஒவ்வொரு முனகலுக்கும் அவள் உறைந்துபோய், மறுபடி தோண்டினாள்.

"மேரித் தாயே, மேரித் தாயே" என்று அவள் வாய் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தம்மாவை விட்டுட்டு வேகமாத் தோண்டு" என்றான் லியாண்டர். பல் கிட்டித்துப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் பேசுவதையும் நிறுத்திவிட்டான். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. "ஏதாவது பேசு, கிழவா. என்ன சாப்பிடணும் உனக்கு? சொல்லு."

வெகுநேரம் கழித்து, "கோழி ஸ்டூ" என்றான்.

கை மெல்லக் குழிக்குள் இறங்கியது. சட்டைக்கையைக் கிழித்து உருவினாள். அவன் அலறிய அலறல் ஏரிக்கு அக்கரை போய்த் திரும்பியது.

ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது, வேறு வழியில்லை. அவனைத் தன் பக்கத்து இருக்கையில் ஏற்றி உட்கார வைத்து, அவன் அங்கேதான் இருக்கிறான் என்று நிச்சயமான பிறகும், கட்டைகளை எடுத்துவிட்டு வண்டிக்கடியில் குனிந்து பார்த்தாள். வழியெல்லாம் லியாண்டர் வலதுகையால் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. கூடியது, கொஞ்சம் கோணலாக. மண் அவ்வளவு இளகலாக இல்லாமலிருந்தால் கை போயிருக்கும் என்றார்கள்.

நார்மன் வண்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்தார். "வண்டிமேல தப்பில்ல, ஓடெட். நீ பாக்கல."

"பாத்தேன் அத்தான். சுத்திவந்து பாத்தேன். ஏறினப்புறம்தான் பாக்க முடியல."

அவர் சாவியை வாங்கிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து, எஞ்சினைப் போடுமுன் பானெட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நார்மன் ஆறடி உயரம். "லியாண்டர்! அங்க யாரும் இல்லையே?" என்று கத்திக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

இப்போது ஓடெட் ஒரு பழைய காரும் பின்னால் மாட்டிய சின்ன டிரெய்லருமாக வேலை செய்கிறாள். பனி உருகும் காலத்துச் சேற்றில் டிரெய்லர் போகாது என்பதால் தூரக்கரை வீடுகளை விட்டுவிட்டாள். வருமானம் குறைந்தது, அதைப் பற்றிப் புலம்பிக் கேட்டதில்லை. பயம் மட்டும் போகவில்லை. நடக்கும்போதும் இருக்கிறது. மளிகைக்கடை வாசலில் எஞ்சின் ஓடும் பெரிய வண்டி ஒன்று நின்றால், அதன் முன்னால் கடக்குமுன் பக்கத்தில் போய்ப் பானெட்டை உள்ளங்கையால் ஓங்கி அறைவாள்.

போன வாரம் ஒருத்தன் கண்ணாடியை இறக்கிக் கத்தினான். "ஏம்மா, பைத்தியமா நீ?"

"என்னைத் தெரியுதா உனக்கு?"

"தெரியுது, தெரியுது. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அவன் கண்ணையே பார்த்தபடி பக்கவாட்டில் நடந்து கடந்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டியை முழுதாகக் கடந்த பிறகுதான் பார்வையை எடுத்தாள்.