கீரனூர் சாலையில் ஒரு பாதிப் பாலம்

மாசி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, காலை எட்டு மணி வாக்கில் திருக்கோகர்ணத்தில் திருச்சி பஸ் ஏறினேன். தோழி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காகத் தென்காசியிலிருந்து வந்திருந்தேன். திருச்சியில் தங்கை வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு, இதே வழியாகத் திரும்பி வந்து புதுக்கோட்டையில் ஊருக்கு ரயில் பிடிப்பதாகத் திட்டம். திருச்சிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம் போதும்.

"இன்னைக்கு அந்தக் கணக்கெல்லாம் போடாத," என்றாள் தோழி, நான்காவது இட்லியை என் தட்டில் வைத்தபடி. "ரோடு வேலை முடிஞ்ச பாடில்ல. அதோட நாளைக்குச் சமயபுரத்துல பூச்சொரிதல். ஊரே நடந்து போகுது. வயிறு நெறையச் சாப்பிட்டுட்டுப் போ."

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் செல்வி. கீரனூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. புதுக்கோட்டையிலிருந்து தினமும் போய் வருகிறவர். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், நைலான் கயிறு கட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகளையும் ஒரு சக்கரப்பெட்டியையும் கால்களால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அட்டைப்பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் ஜமால், கோட்டைப்பட்டினம் என்று எழுதியிருந்தது.

"எங்க கெளம்பிட்டீங்க பாய், இம்புட்டுப் பெட்டியோட?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ஏர்போர்ட்டுங்க. மதியம் ஃபிளைட்டு."

சீட்டைக் கிழிக்கப் போன கண்டக்டரின் கை ஒரு நொடி நின்றது. "மதியமா? காரு வச்சுப் போயிருக்கலாமே."

"வீட்ல சொல்லியிருந்தாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். காரு வச்சா வீடே ஏறி வரும். போன தடவ ஏர்போர்ட் வாசல்ல எம்மகள எங்கிட்ட இருந்து பிரிச்செடுக்க முடியல. அதான் வீட்டு வாசல்லயே சொல்லிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை.

ஊரைத் தாண்டியதுமே மஞ்சள் தொடங்கியது. மஞ்சள் புடவை, மஞ்சள் வேட்டி, தலையில் பூத்தட்டு, கையில் வேப்பிலை. சாலையின் இடது ஓரம் முழுக்க மனிதர்கள். அவர்களுக்கு அப்பால் அகலப்படுத்தத் தோண்டிய பள்ளமும், கொட்டிய ஜல்லிக் குவியல்களும், வெயிலில் வெளிறிப்போன 'பணி நடைபெறுகிறது' பலகைகளும். பஸ் ஊர்ந்தது. நார்த்தாமலையின் வெறும் பாறைக் குன்றுகள் இடப்புறம் வந்து, பொறுமையாக எங்களோடு நின்று, மெதுவாகப் பின்னால் போயின. அவற்றை இவ்வளவு நேரம் பார்க்கக் கிடைத்ததற்கு நெரிசலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு காட்டாற்றின் கரையில் பஸ் முற்றிலுமாக நின்றது. ஓட்டுநர் என்ஜினை அணைத்தார்.

"தினமும் இந்த எடந்தாங்க," என்றார் செல்வி. "அங்கிட்டுப் பாருங்க, பாலம் கட்டி நிக்குது. ஏறத்தான் முடியாது."

எட்டிப் பார்த்தேன். புத்தம் புதிய பாலம், கைப்பிடிச் சுவரெல்லாம் எழுப்பி, சும்மா நின்றது. அதை ஒட்டிக் கீழே ஆற்றுக்குள் இறங்கி ஏறும் குறுகலான மாற்றுப்பாதை. அதில்தான் பஸ், லாரி, கார் எல்லாம் இரண்டு திசையிலும் போக வேண்டும். அதே பாதையில்தான் நடந்து வருகிறவர்களும் போக வேண்டும். நடக்கிறவர்களுக்காக வண்டிகள் நின்றன. நின்ற வண்டிகளுக்கு நடுவில் புகுந்து நடந்தார்கள். எதுவும் நகரவில்லை. ஏன் இன்னும் முடியவில்லை என்பதற்கு பஸ்ஸுக்குள் ஆளுக்கு ஒரு காரணம் இருந்தது.

முக்கால் மணி நேரம் போனது. ஜமால் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி இறங்கினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து நெற்றி சிவந்திருந்தது. நானும் செல்வியும் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றோம்.

"ஃபிளைட்ட விட்டா அடுத்ததுல போக முடியாதா?" என்று கேட்டேன்.

"விசா நாளையோட முடியுதுங்க. இன்னைக்கு ஏறலைன்னா அந்த வேல இல்ல." ஏசி மெக்கானிக்காம். பழைய கம்பெனியை மூடிய பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஊரில் மச்சானின் ஐஸ் ஃபேக்டரியில் கூடமாட வேலை பார்த்துக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் இன்டர்வியூ போய் வாங்கிய வேலை. "கார வேணாம்னு சொன்னேன் பாருங்க," என்று தலையில் லேசாகத் தட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மாற்றுப்பாதையில் ஒரு கூச்சல். லாரியின் பக்கவாட்டில் தொங்கிய தார்ப்பாய்க் கயிறு நடந்துபோன ஒரு பெண்ணின் பூத்தட்டில் மாட்டி இழுத்துவிட்டது. தட்டு பறந்து விழுந்து கனகாம்பரம் முழுதும் மண்ணில். அந்தப் பெண் தடுமாறி லாரிச் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, லாரி நின்றுவிட்டது. பின்னால் வந்த குழந்தைகள் அழ ஆரம்பித்தார்கள்.

கூட்டத்தின் முன்னால் நடந்த அம்மாள் திரும்பி ஓடி வந்தார். வள்ளியம்மை என்று கூப்பிட்டார்கள். கீரமங்கலம் பக்கம் பூந்தோட்டம் வைத்திருப்பவர், ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம். விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நேராகப் பாலத்தின் தடுப்புக்குப் போனார். செல்வியும் கூடவே போனார். எங்களையும் கால்கள் இழுத்தன.

தடுப்புக்குப் பின்னால் மஞ்சள் ஹெல்மெட்டோடு சைட் இன்ஜினியர் நின்றிருந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கலாம். விழுந்ததை அவரும் பார்த்திருந்தார், முகம் வெளுத்திருந்தது.

"ஏந்தம்பி, இதுமேல நாங்க நடந்து போனா என்ன?" என்றார் வள்ளியம்மை. "வண்டிதான் போகக்கூடாது. மனுசருமா போகக்கூடாது?"

"பாலம் தாங்கும்மா. அதுல ஒண்ணுமில்ல. அந்தக் கடைசியில மண்ணு போடல. நெஞ்சு ஒசரத்துக்குப் பள்ளம். எப்புடி இறங்குவீங்க? யாராச்சும் விழுந்தா?"

"இப்ப விழுந்தாங்களே," என்றார் செல்வி. குரலில் சண்டை இல்லை. "சார், நான் தெனம் இந்த வழியா வாரேன். தெனம் உங்களத் திட்டிக்கிட்டேதான் போறேன். இன்னைக்குத் திட்ட வரல. அங்க மணல் மூட்ட அடுக்கியிருக்கே, அத வச்சுப் படி கட்ட முடியாதா?"

இன்ஜினியர் மணல் மூட்டைகளைப் பார்த்தார். ஆற்றோரம் மழைத் தண்ணீரைத் திருப்ப அடுக்கி வைத்தவை. "ஆளு இல்லைங்க. இன்னைக்கு நாலு பேர்தான் வந்திருக்காங்க."

வள்ளியம்மை திரும்பி, நின்றிருந்த கூட்டத்தையும் இரண்டு பக்கமும் நின்ற வண்டிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "ஆளா இல்ல?" என்றார்.

இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். மேலதிகாரியிடம் பேசுகிறார் என்று தெரிந்தது. அதிகம் கேட்டுக்கொண்டிருந்தார், கொஞ்சம் பேசினார். கடைசியில் குரலை உயர்த்தி, "நான் இங்கயே நிக்கிறேன் சார்," என்றது மட்டும் எங்கள் காதில் விழுந்தது. வந்து தடுப்பை நகர்த்தினார். "நடக்குறவங்க மட்டும். வரிசையாத்தான் போகணும். ஓரத்துக்குப் போகக்கூடாது."

சற்று நேரத்தில் ஆற்றோரத்திலிருந்து பாலத்தின் மறுமுனைவரை ஒரு மனித வரிசை நின்றது. மஞ்சள் வேட்டி கட்டியவர்கள், பஸ் பயணிகள், எங்கள் கண்டக்டர், அந்த லாரியின் ஓட்டுநர். மூட்டைகள் கை மாறிக் கை மாறிப் போயின. முனையில் இன்ஜினியரும் வேலையாட்கள் நால்வரும் அவற்றை அகலப் படிகளாக அடுக்கி, மேலே கனத்த பலகைகளைப் போட்டு, இரண்டு பக்கமும் கம்பி நட்டுக் கயிறு கட்டினார்கள். ஜமாலும் வரிசையில் நின்று மூட்டை தூக்கினார். எனக்கு முன்னால் நின்றவர் அவர்தான். புதுச்சட்டை முழுக்க மணல்.

படி தயாரானதும் இன்ஜினியர் தானே நான்கு முறை ஏறி இறங்கி, குதித்துப் பார்த்தார். பிறகு கையசைத்தார்.

"நீங்க எத்தன மணிக்கு அங்க இருக்கணும்?" என்று வள்ளியம்மை ஜமாலிடம் கேட்டார். விமான விஷயத்தைச் செல்வி ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தார். "எங்க சாமான் வண்டி பாலத்துக்கு அங்கிட்டு நிக்கிது. கீரனூர்ல விடச் சொல்றேன். அங்க பஸ் காலியா நிக்கும். ஏய், அந்தப் பெட்டியத் தூக்குங்கடி."

இரண்டு பெண்கள் அட்டைப்பெட்டிகளிடம் போனார்கள். ஜமால் பதறிக் குறுக்கே வந்தார். "வேணாங்க, வேணாம். நானே ரெண்டு நடையா எடுத்துக்கிறேன்."

"ரெண்டு நடைக்கு நேரம் ஏது?"

"இல்லக்கா..." தயங்கினார். குரல் இறங்கியது. "நீங்க விரதம். அதுல ஒண்ணுல கருவாடு இருக்குக்கா. கூட்டாளிங்களுக்காக எடுத்துட்டுப் போறேன்."

பெண்கள் கையை எடுத்துக்கொண்டு வள்ளியம்மையைப் பார்த்தார்கள். வள்ளியம்மை பெட்டியைப் பார்த்தார், ஜமாலைப் பார்த்தார்.

"எதுல?"

ஜமால் காட்டினார். வள்ளியம்மை தன் தலையிலிருந்த பூத்தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தார். "இத நான் தூக்குறேன். ஆத்தாகிட்ட நானே சொல்லிக்கிறேன். புள்ளகுட்டிக்காரன் பொழப்புக்குப் போறான்னு சொன்னா அவ கோவிக்க மாட்டா. தூக்கி வைங்க தம்பி."

ஜமால் தூக்கி வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை, சக்கரப்பெட்டியைத் தோளில் ஏற்றியிருந்தார்.

அப்படித்தான் நாங்கள் அந்தப் பாலத்தைக் கடந்தோம். முன்னால் வள்ளியம்மை, தலையில் கோட்டைப்பட்டினத்துக் கருவாடு. அவருக்குப் பின்னால் ஜமால், செல்வி, நான், அதற்குப் பின்னால் பூவும் வேப்பிலையுமாக நூற்றுக்கணக்கானவர்கள். பாலத்தின் மேல் காற்று நன்றாக வீசியது. யாரோ ஒருவர் ஆத்தாளைக் கூப்பிட்டுக் குலவையிட, வரிசை முழுக்க அது ஓடியது.

சாமான் வண்டி ஒரு சின்ன லோடு ஆட்டோ. அண்டாக்களுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் ஜமாலும், கடைக்கு நேரமாகிவிட்ட செல்வியும், பஸ்ஸிலிருந்து பையை எடுத்து வந்த நானுமாக மூவரும் உட்கார்ந்துகொண்டோம். ஜமால் கீழே நின்ற வள்ளியம்மையிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், "ஊருக்கு வந்தா வீட்டுக்கு வரணும்க்கா," என்றார்.

"வாரேன். கருவாடு இல்லாத நாளாப் பாத்து வாரேன்," என்றார் வள்ளியம்மை. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

வண்டி கிளம்பிய பிறகு திரும்பிப் பார்த்தேன். பாலத்தின் மேல் மஞ்சள் வரிசை தடையில்லாமல் நகர்ந்தது. கீழே, நடப்பவர்கள் விலகிய மாற்றுப்பாதையில் முதல் லாரி மெதுவாகக் கரையேறிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

கீரனூரில் செல்வி இறங்கிக் கடைக்கு ஓடினார். நானும் ஜமாலும் அங்கிருந்து பஸ் பிடித்தோம். பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. மாத்தூர் தாண்டும்வரை ஜமால் சட்டையிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே வந்தார். விமான நிலையத்தில் இறங்கும்போது என் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தங்கை வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் அறிவிப்புச் சத்தம். "ஏறிட்டேங்க. வீட்ல பேசிட்டேன். மக அழுகல. பாலத்துக்குப் படி கட்டுனதைச் சொன்னேன், சிரிக்குது."

நான்கு நாள் கழித்துத் திரும்பினேன். அந்தச் சாலையைப் பற்றி இப்போது யாராவது குறை சொன்னால், சொல்லத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொள்வேன். முடிக்க வேண்டிய வேலை இன்னும் நிறைய இருக்கிறது. எங்கள் தென்காசிப் பக்கமும் இப்படி ஒரு சாலை உண்டு. தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் போய் என்ன முடியும் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இனி கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

காட்டாறு நெருங்கியதும் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். மணல் மூட்டைப் படிகளைக் காணோம். அந்த இடத்தில் செம்மண் கொட்டி, சரிவு பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. உருளை இயந்திரம் ஒன்று மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட்டோடு அதே இளைஞர். இறங்கிப் போய் அவர் பெயரைக் கேட்டு, வேலையில் சேர்ந்துவிட்டதாக ஜமால் அனுப்பிய செய்தியைச் சொல்ல வேண்டும் என்று முந்தின இரவே முடிவு செய்திருந்தேன். பஸ் நிற்கும், நேரம் இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

பஸ் நிற்கவில்லை. இறங்கியது, ஏறியது, போய்க்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியே கையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. அந்த இடத்தில் பஸ் நிற்காமல் போனதற்காக வருத்தப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.