சாமை அறுப்பும் சாலை மறியலும்

போராட்டக்காரனுக்குப் போலீஸைவிடப் பெரிய தொல்லை காலண்டர். மனுவும் கையுமாகப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்து நின்றவர்களுக்கு இது புரியும். மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊருக்கு ஒரு பஸ் கேட்டு முப்பது வருஷம் போராடியவன் நான். ஜீப் கிடைக்காத நாளில் பிரசவ வலி வந்தால் டோலி கட்டித்தான் தூக்க வேண்டும். என்னோடு கிளம்பியவர்களில் சிலர் கட்சிக்குப் போனார்கள், சிலர் காருக்குப் போனார்கள். நான் துண்டுப் பிரசுரத்தோடு நின்றுவிட்டேன்.

மனுவுக்கும் பொட்டு

ஒரு தடவை மனுவோடு தாலுகா ஆபீசுக்குப் போனேன். மறுநாள் ஆயுத பூஜை லீவு; அதனால் அங்கே அன்றைக்கே பூஜை. அதிகாரியின் மேசையில் பொரி. பேனா, ஸ்டாம்பு, கம்ப்யூட்டர் எல்லாம் சந்தனம் பூசி ஓய்வில் இருந்தன. மனுவை நீட்டினேன். வாட்ச்மேன் குங்குமக் கிண்ணத்தோடு வந்தார்.

"இப்டி வைங்க தலைவரே, இதுக்கும் ஒரு பொட்டு வச்சிர்றேன்."

கடகடவென்று ஒரு தீர்மானம்

சுதந்திர தினக் கிராம சபையில் பஸ் கேட்டுப் பேசினேன். கை தட்டினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள், தீர்மானமும் போட்டார்கள். இவ்வளவு வேகமாக எழுதுகிறாரே என்று கிளார்க்கைப் பாராட்டினேன்.

"போன வருசத்துத பாத்துதாங்க எழுதறேன்."

ஆள் சேர்ந்த விதம்

இனி மறியல்தான் என்று, காலண்டரில் சிவப்பு எழுத்து இல்லாத நாளாகப் பார்த்து நோட்டீஸ் அடித்தேன். சாமை அறுத்தாச்சா என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்குக் காலண்டரில் தேதி கிடையாது. கடைசிக் கொல்லைக் காட்டிலும் சாமை அறுத்த பிறகுதான் ஊர் கூடி நாள் வைக்கும். அந்த வருஷம் மழையால் அறுப்பு தள்ளிப்போய், திருவிழா என் மறியல் நாளிலேயே வந்து விழுந்தது.

ரோட்டில் கொடியோடு தனியாக உட்கார்ந்தேன். கிண்டல் செய்யக்கூட ஆளில்லை. உச்சி வெயிலில் மேளச் சத்தத்தோடு அம்மன் ஊர்வலம் வந்தது. முன்னால் வந்தவள் புளி விற்கும் கோசலா; மகளை டோலியில் தூக்கிப்போன வழியிலேயே பேரப்பிள்ளையைப் பறிகொடுத்தவள். என்னைப் பார்த்தாள். "ஆத்தாள இங்கியே எறக்குங்கடா" என்றாள். அம்மனைச் சுற்றி ஊரே உட்கார்ந்தது, சாமி கும்பிடாத என்னையும் சேர்த்து. வந்த போலீஸ்காரர்கள் அம்மன்மேல் கை வைக்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னாலேயே வந்த தாலுகா அதிகாரி செருப்பைக் கழற்றினார், சாமைப் பொங்கல் சாப்பிட்டார், பஸ் விடுவதாக எழுதிக் கொடுத்தார். தைப் பொங்கலுக்கு முன்பே பஸ் வந்தது. கோசலாவுக்கு நன்றி சொல்லப் போனேன்.

"அது கெடக்கட்டும்ணா. அடுத்த வாட்டி நோட்டீசு அடிக்க மின்ன எங்கள ஒரு வார்த்த கேளு."

இப்போதும் மனுவோடுதான் போகிறேன். ஆனால் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, சாமை அறுத்தாச்சா என்று பக்கத்து சீட்டில் கேட்டுக்கொண்டு.