பங்கு வைத்த ஞாபகக் குளிசை

உடையார்கட்டில் என் அண்ணன் மகள் யதுர்ஷிகா மூன்றாந் தடவையாக உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இதிலும் தவறினால் பிறகு கம்பஸ், பல்கலைக்கழகம் என்ற பேச்சே இல்லை. கனடாவிலிருந்து அவளுக்கென்று ஞாபகசக்திக் குளிசைப் போத்தல் ஒன்று கொண்டுபோனேன். பலன் நிச்சயமில்லை, தலையிடி வரலாம் என்று அதில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பயந்து பயந்துதான் கொடுத்தேன்.

சில நாளில் போத்தல் வெறுமையாகக் கிடந்தது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எல்லாத்தையும் விழுங்கிட்டியோ பிள்ளை?"

குசினி அடுப்படியிலிருந்து அண்ணி எட்டிப்பார்த்தா. "வெளிநாட்டுச் சாமான் வந்தால் ஒழுங்கைச் சனத்துக்குப் பங்கு வைக்காமல் விடுறதே தம்பி? படிக்கிற பிள்ளையளுக்குச் சொக்லேட்டோட சேர்த்துக் குடுத்திட்டன்."

பதறிப்போய், அந்தப் பிள்ளைகள் கூடிப் படிக்கும் மாமரத்தடிக்கு யதுர்ஷிகாவையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். "ஆருக்கும் தலையிடிக்குதோ?"

"குளிசை நல்லா வேலை செய்யுது அங்கிள்," என்றான் அவளோடு படிக்கும் நிருஷன். "ஆறாம் வகுப்பில கனகலிங்கம் சேர் அடிச்ச அடியெல்லாம் ஞாபகம் வருது. பாடம்தான் வருகுதில்லை."

"வாயை மூடடா," என்றாள் யதுர்ஷிகா. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "முதல் ரெண்டு தரமும் எல்லாம் மனப்பாடமாக்கித்தான் சித்தப்பா போனனான். கேள்வியை மாத்திக் கேட்டாங்கள், தடுமாறிப் போனன்."

அதனால் அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பக்கத்தை வாசித்தவர் புத்தகத்தை மூடிவிட்டு, அதன் வசனம் ஒன்றுகூட வராமல் ஊர்க்கதையாகச் சொல்லவேண்டும். அன்று அவளுடைய முறை. பொருளியல்.

"எல்லாரும் ஒரே போகத்தில கச்சான் கடலை போட்டால் விலை விழும். நட்டப்பட்டு அடுத்த போகம் ஒருத்தரும் போடாயினம். விலை ஏறும். அதைக் கண்டு எல்லாரும் திரும்பப் போடுவினம், நிருஷன்ர அப்பாவைப் போல."

"என்ர அப்பாவை ஏனடி இழுக்கிறாய்?"

"அவர்தானே வருசா வருசம் பாடம் நடத்துறார்!"

மரத்தடி சிரிப்பில் அதிர்ந்தது. அதே பாடத்தை வரைபடத்தோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவன் நான். அது கச்சான் தோட்டத்துக்குள் இறங்கி நடப்பதை அன்றுதான் கண்டேன்.

பெறுபேறு வந்த அன்று ரொறன்ரோவிலிருந்து அழைத்தேன்.

"புள்ளி காணும் சித்தப்பா! வவுனியாக் கம்பஸுக்குக் காணும்!"

"கேள்வியள் கஷ்டமோ பிள்ளை?"

"ஓம், மாத்தித்தான் கேட்டவங்கள். நான் சிரிச்சுக்கொண்டு எழுதினனான்."