நேர் ரோட்டில் தூங்கிய மலை டிரைவர்

போடிமெட்டு மலைப்பாதையில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. இது நான் சொல்வதல்ல, அவரே சொல்வது. காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆட்களை ஏற்றிப்போய், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற வேலை அவருக்கு. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவாராம். கட்டிப் பார்க்க இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை.

கர்நாடகத்துக் கடலோரம் கார்வாரில் இருக்கிற மகளுக்கு இரண்டாவது பிரசவம். மாதம் நெருங்கிவிட்டது, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நாங்கள்தான் போக வேண்டும். வலி எடுப்பதற்குள் அவள் பக்கத்தில் இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. ரயிலில் போகலாம் என்றேன்.

“இன்னொருத்தன் ஓட்டுற வண்டியில நான் போறதா?” என்றார். எங்கள் காரில் போனால் வழியில் நாலு இடம் பார்க்கலாம் என்று எனக்கு ஆசையும் காட்டினார்.

பார்த்தோம். ஒகேனக்கலுக்குத் திரும்பும் பலகையைக் கண்டதும், “நம்ம குரங்கணியில விழாத தண்ணியா இங்க விழுது?” என்று நேராக விட்டார். சித்ரதுர்கா கோட்டையைத் தூரத்திலிருந்தே பார்த்து, “வெறும் கல்லு” என்றார். அங்கே மலைமேல் சுற்றிய காற்றாலைக் காற்றாடிகளைவிடத் தேனிக் காற்றாடி வெரசாகச் சுற்றுமாம். அவர் வண்டியை நிறுத்தி இறங்கி ஆசையாகப் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: சாலையோரம் கவிழ்ந்து கிடந்த ஒரு லாரி. அதைச் சுற்றி வந்து, டிரைவர் என்னென்ன தப்புச் செய்தார் என்று எனக்கு விளக்கினார். காயமில்லாமல் தப்பி டீ குடித்துக்கொண்டிருந்த அந்தக் கன்னடக்கார டிரைவருக்கும் விளக்கினார், தமிழில்.

வண்டி ஓட்ட அவர் சொல்லும் புத்திமதிகள் எனக்கு மனப்பாடம். வளைவுக்கு வளைவு ஹாரன் அடி. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே, எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு. எல்லாம் மலைக்கானவை. நாற்கரச் சாலைக்கென்று அவரிடம் ஒன்றும் இல்லை. ஆளரவமற்ற ரோட்டில் பழக்க தோஷத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். வளைவு ஒன்றும் வருவதாக இல்லை. கைக்கு வேலை இல்லாமல் போனதும் தூக்கம் வந்துவிட்டது.

தாவணகெரே தாண்டி, நல்ல மத்தியான வெயிலில், வண்டி தானாக இடதுபக்கம் சாய்ந்து ஓரத்துத் தடுப்புக் கம்பியை நோக்கிப் போனது. நான் போட்ட கூச்சலில் விழித்துப் பிரேக்கை மிதித்தார். கம்பிக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இருந்தது.

“தூங்கல. யோசிச்சிக்கிட்டு வந்தேன்” என்றார்.

எனக்குப் பயம். அதைவிட ஆத்திரம். “பிள்ளைய உசுரோட போயிப் பாக்கணுமா வேண்டாமா? இறங்குங்க” என்று சாவியைப் பிடுங்கினேன்.

எனக்கும் லைசென்ஸ் உண்டு. தேனி வரை சரளமாக ஓட்டுவேன். ஆனால் மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி என்னை ஸ்டியரிங் தொட விட்டதில்லை. பொம்பளைக்கு மலை சரிப்படாதாம். நேர் ரோடுதானே என்று முணுமுணுத்தபடி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவர், ஹூப்ளி வருவதற்குள் வாய் பிளந்து தூங்கினார்.

யல்லாப்பூர் தாண்டிக் காட்டுக்குள் சாலை இறங்கத் தொடங்கியதும், யாரோ உலுக்கியதுபோல எழுந்தார்.

“ஏய், மலை இறக்கம் வருது. நிறுத்து. வண்டியக் குடு.”

பின்னால் லாரிகள் வரிசைகட்டி வந்தன. ஓரத்தில் நிறுத்த இடமில்லை. இருந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். “ரெண்டாவது கியரு” என்றார். முன்பே போட்டிருந்தேன். “ஹாரன்” என்றார். அடித்துக்கொண்டிருந்தேன். இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தவர், கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இத்தனை நேரம் வாய்மூடி இருந்து நான் பார்த்ததில்லை. பயத்தோடு சேர்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அடிவாரம் வந்ததும், “ஒரு நிமிசம் நிப்பாட்டு” என்றார். நிறுத்தினேன். இறங்கிப்போய் முன்சக்கரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மலை இறங்கினால் சக்கரம் கொதிக்கும். புது டிரைவர்களை அதை வைத்துத்தான் திட்டுவார்கள். அடுத்த சக்கரத்துக்குப் போனார். ஒன்றிலாவது சூடு இருக்காதா என்று நாலையும் தொட்டுவிட்டு, மறுபடி முதல் சக்கரத்துக்கே வந்து குனிந்தார்.

நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். சுற்றி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

“வெரசாப் போ” என்றார். “பிள்ள காத்துக்கிட்டிருக்கும்.”